கோயா மலையில் ஓர் இரவு: மாமியாரை அழைத்துப் போகலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. என் கொழுந்தனார் ஒசாகாவில் வேலை பார்க்கிறார். வரும் வசந்தத்தில் எங்களை ஜப்பானுக்குக் கூப்பிட்டிருக்கிறார். நான், கணவர், 13 வயது மகள், 67 வயது மாமியார் என நான்கு பேர். செர்ரி பூக்கும் நேரம் என்பதால் மார்ச் கடைசியில் கிளம்பலாம் என்று பேச்சு. கோயா மலையில் ஒரு புத்தக் கோயில் விடுதியில் ஓர் இரவு தங்கலாம் என்கிறார் கொழுந்தனார். "தரையில் படுக்க இவ்வளவு பணமா? காலையில் போய்ப் பார்த்துவிட்டு ராத்திரிக்குள் திரும்பிவிடலாமே" என்கிறார் என் கணவர். மாமியார் சிவபக்தை, முட்டைகூடத் தொடமாட்டார், மூட்டு வலி வேறு. "வேற சாமி கோயில்ல போய்ப் படுக்கலாமா?" என்று அவருக்கு ஒரு சஞ்சலம். எனக்கும் ஒரு தயக்கம் உண்டு. எனக்கோ மகளுக்கோ அந்த நாட்கள் வந்துவிட்டால் கோயிலுக்குள் தங்கலாமா? இதை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.
வாசகி, மதுரை

அன்புச் சகோதரிக்கு,

தயங்கித் தயங்கிக் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாராளமாகத் தங்கலாம். கோயா மலை விடுதிகளில் அதை யாரும் கேட்பதில்லை, நீங்களும் யாரிடமும் சொல்லத் தேவையில்லை. காலை வழிபாட்டிலும் உட்காரலாம். பொதுக் குளியல் தொட்டியில் மட்டும் அந்த நாட்களில் இறங்கக் கூடாது. ஜப்பான் முழுவதும் சுகாதாரத்துக்காகக் கடைப்பிடிக்கும் வழக்கம் அது. பயணம் திட்டமிட்டுக் கொடுக்கும் வேலையில் இத்தனை வருஷமாக இருக்கிறேன். நம் ஊர்ப் பெண்கள் பாதிப் பேருக்கு மனதில் இருக்கும் கேள்வி இதுதான், வாய்விட்டுக் கேட்பவர்கள்தான் குறைவு. நீங்கள் கேட்டது நல்லதாயிற்று.

மகளுக்கும் இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அந்த மலைக்குள் எந்தப் பெண்ணும் கால் வைக்க முடியாது. மேலே ஏறும் ஏழு வழிகளிலும் எல்லையில் ஒவ்வொரு கூடம் இருந்தது. பெண்கள் அதுவரை வந்து, அங்கேயே கும்பிட்டுத் திரும்ப வேண்டியதுதான். மலை விளிம்பைச் சுற்றி நடந்து, மரங்களின் இடைவெளியில் கோயில் கூரைகளைப் பார்த்துவிட்டுப் போனவர்களும் உண்டு. 1872ல் அரசு அந்தத் தடையை நீக்கியது. ஏழு கூடங்களில் இன்று மிஞ்சி நிற்பது ஒன்றே ஒன்று. நியோனின்தோ, அதாவது பெண்கள் கூடம், என்று அதற்குப் பெயர். நீங்கள் போகும் பேருந்து அதன் வாசல் வழியாகத்தான் ஊருக்குள் நுழையும். மூன்று தலைமுறைப் பெண்களாக அந்த எல்லையைத் தாண்டிப் போகிறீர்கள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பாருங்கள்.

அடுத்து தேதி. இங்கேதான் உங்கள் திட்டத்தை மாற்றச் சொல்கிறேன். மார்ச் கடைசியிலும் ஏப்ரல் முதல் வாரத்திலும் செர்ரி பூப்பது ஒசாகாவிலும் கியோட்டோவிலும்தான். கோயா மலை சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் அங்கே மொட்டுதான் இருக்கும், சில வருஷம் பனிகூட விழும். மலையில் பூப்பது பெரும்பாலும் ஏப்ரல் மூன்றாவது, நான்காவது வாரத்தில். ஆனால் ஏப்ரல் 29 தொடங்கி மே 5 வரை ஜப்பானியர்களுக்குத் தொடர் விடுமுறை. கோல்டன் வீக் என்பார்கள். அப்போது நாடே கிளம்பிப் பயணம் போகும். விடுதிகள் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். ஆகவே ஏப்ரல் 20க்கும் 27க்கும் இடையில், வார நாளாகப் பார்த்து ஓர் இரவைக் குறித்துக்கொள்ளுங்கள். மகளின் பள்ளித் தேர்வுத் தேதிகளை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். "கியோட்டோவில் பூவெல்லாம் உதிர்ந்திருக்குமே" என்று கொழுந்தனார் சொல்வார், உண்மைதான். ஆனால் அங்கே நின்னாஜி கோயிலில் தாமதமாகப் பூக்கும் குட்டையான செர்ரி மரங்கள் உண்டு, ஏப்ரல் நடுவில்தான் அவை உச்சத்துக்கு வரும். ஏப்ரல் 17, 18 வாக்கில் போய் இறங்கினால் அதன் கடைசிப் பூக்களையும் பார்க்க வாய்ப்பிருக்கிறது. கோயா மலைக் கோயில்களைப் போலவே அதுவும் ஷிங்கோன் என்ற பௌத்த மரபின் கோயில்தான்.

சரி, உங்கள் கணவரின் கேள்விக்கு வருகிறேன். பணத்தைப் பற்றி அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. விடுதிக் கட்டணம் அறைக்கு அல்ல, தலைக்கு. இரவு உணவும் காலை உணவும் சேர்த்து ஒருவருக்கு 15,000 யென்னை ஒட்டித் தொடங்கி மேலே போகும். நான்கு பேருக்கு நம் பணத்தில் 30,000 ரூபாயைத் தாண்டிவிடும். பழனியிலோ திருச்செந்தூரிலோ தேவஸ்தான விடுதியில் தங்கிய பழக்கத்தில், கோயில் விடுதி என்றால் மலிவாக இருக்கும் என்று நாம் நினைத்துவிடுகிறோம். அங்கே நமக்குக் கிடைப்பது ஓர் அறை, கோயில் வேறு இடத்தில் இருக்கும். கோயா மலையின் ஷுகுபோ என்பது கோயிலேதான். துறவிகள் பூசை செய்து, சமைத்து, தோட்டம் பெருக்கி வாழும் கட்டடத்துக்குள் நமக்கும் ஓர் அறை ஒதுக்குகிறார்கள். மலையில் உள்ள 117 கோயில்களில் ஏறக்குறைய 50 கோயில்கள் இப்படி இடம் தருகின்றன.

பகலில் வந்து திரும்புகிறவர்கள் மாலை 5 மணிக்கெல்லாம் இறங்கிவிடுவார்கள். கடைகளும் மூடிவிடும். அதற்குப் பிறகுதான் அந்த ஊர் தன் இயல்புக்குத் திரும்புகிறது. எங்கோ ஒரு மணி அடிக்கும், தேவதாரு மரங்களில் காற்று ஓடும் சத்தம் கேட்கும், அப்புறம் ஒன்றும் இருக்காது. காலை 6 மணிக்கோ ஆறரைக்கோ வழிபாடு. நான் முதல்முறை போனபோது அரை இருட்டில், குளிரில், சாம்பிராணிப் புகைக்கு நடுவே உட்கார்ந்து அந்தத் துறவிகளின் ஆழ்ந்த குரலைக் கேட்டேன். வெளியே வந்த பிறகும் வெகுநேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. பகல் பயணத்தில் இது இரண்டும் கிடைக்காது. பணம் இடிக்கிறது என்றால் ஒசாகா ஹோட்டலில் ஒரு நாளைக் குறையுங்கள், மலையைக் குறைக்காதீர்கள் என்று அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி மாமியார் கவலைப்பட வேண்டாம். ஜப்பான் பயணம் முழுவதிலும் அவர் நிம்மதியாகச் சாப்பிடப் போகும் இடமே இதுதான். ஷோஜின் ரியோரி என்ற அந்தத் துறவியர் சமையலில் மீன், இறைச்சி, முட்டை கிடையாது. வெங்காயம், பூண்டும் இல்லை, அவற்றின் இனத்துக் கீரைகளும் இல்லை. ரசத்துக்கும் குழம்புக்கும் அடித்தளமாக கொம்பு என்ற கடற்பாசியையும் உலர்ந்த ஷீடாகே காளானையும் ஊறவைத்த நீரை ஊற்றுகிறார்கள். வெளியே இது நேர்மாறு. ஒசாகா உணவகத்தில் வெறும் காய்கறி என்று சொல்லித் தருவதிலும், மிசோ சூப்பிலும், காய்ந்த மீன் சீவல் போட்ட சாறுதான் பெரும்பாலும் இருக்கும். கொழுந்தனாரை ஒவ்வோர் இடத்திலும் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். மலையில் அந்தப் பயம் இல்லை. இருந்தாலும் முன்பதிவின்போது 'மீன் சாறும் முட்டையும் அறவே வேண்டாம்' என்று ஒரு வரி எழுதிவிடுவது என் வழக்கம்.

சிறு சிறு கிண்ணங்களில் வரும். கோமாதோஃபு என்று ஒன்று வைப்பார்கள். பெயரில்தான் தோஃபு, அதில் சோயா இல்லை. எள்ளை நைசாக அரைத்து, குட்ஸு என்ற கிழங்கு மாவோடு கிளறி இறுக்கியது. வாயில் வைத்தால் கரையும். கோயாதோஃபு இந்த மலையின் பெயரிலேயே இருக்கிறது. குளிர்கால இரவில் வெளியே வைத்த தோஃபு உறைந்துபோக, அதை உருக்கிச் சமைத்துப் பார்த்ததில் பிறந்தது என்று கதை. பஞ்சு மாதிரி சாறு ஊறியிருக்கும். வசந்தத்தில் மூங்கில் குருத்தும், லேசாகக் கசக்கும் மலைக் கீரைகளும் சேரும். அவற்றை மாவில் தோய்த்துப் பொரித்த தெம்புராவை மகள் விரும்பிச் சாப்பிடுவாள். காரம் எதிலும் இல்லை, தயிரும் கிடையாது. மாமியாருக்கு அந்த ஒரு வேளை கஷ்டமாக இருக்கலாம். பூண்டு ஊறுகாய் பாட்டிலை மட்டும் அந்த மேசையில் திறக்க வேண்டாம். பூண்டையே விலக்கி வைத்த வீடு அது. அவருக்குப் பசி தாங்காது என்றால் அறையில் சாப்பிடக் கொஞ்சம் பொரி, கடலை உருண்டை இருக்கட்டும்.

ஒரு விஷயத்துக்கு அவரை முன்கூட்டியே தயார்படுத்துங்கள். பக்கத்து மேசையில் யாராவது பீரோ, சாகே என்ற அரிசி மதுவோ கேட்டால் கொண்டுவந்து கொடுப்பார்கள். தலைமைத் துறவிக்கு மனைவி, பிள்ளைகள் இருக்கலாம். பெண்களுக்கான தடை நீங்கிய அதே 1872ல், துறவிகள் திருமணம் செய்வதையும் இறைச்சி உண்பதையும் அவரவர் விருப்பத்துக்கு அரசு விட்டுவிட்டது. நம் ஊர் மடங்களை மனதில் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். அங்கே அது தலைமுறைகளாகப் பழகிய வாழ்க்கை.

மூட்டு வலிதான் உண்மையிலேயே யோசிக்க வேண்டிய விஷயம். தடாமி பாய் விரித்த அறை, இரவில் அதன்மேல் ஃபுடோன் மெத்தை. படுப்பது சுகமாகத்தான் இருக்கும், காலையில் தரையிலிருந்து எழுவதுதான் சிரமம். கட்டில் உள்ள அறைகள் சில கோயில்களில் உண்டு. அது கிடைக்காவிட்டால், கழிப்பறை ஒட்டிய அறையாகவாவது கேளுங்கள். நிறைய இடங்களில் கழிப்பறை நீண்ட நடையின் கோடியில் இருக்கும். நள்ளிரவில், 4, 5 டிகிரிக் குளிரில், வழுவழுப்பான மர நடையில் காலுறையோடு 67 வயதில் நடப்பது எனக்குப் பிடிக்கவில்லை. இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாம். சாப்பாட்டுக்கும் வழிபாட்டுக்கும் நாற்காலி வேண்டும் என்று முன்பே எழுதினால் போட்டு வைப்பார்கள். புடவை கட்டிக்கொண்டே வரலாம். உள்ளே ஒரு தெர்மல், கெட்டியான காலுறை, மேலே ஒரு ஸ்வெட்டர் அவசியம். மதுரை ஏப்ரல் வெயிலில் நின்றுகொண்டு ஸ்வெட்டர் எடுத்து வைக்கத் தோன்றாது, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

குளியலறை ஆண், பெண்ணுக்குத் தனித்தனி. ஆனால் உள்ளே எல்லோரும் உடையில்லாமல்தான் குளிக்க வேண்டும். முதலில் குட்டை முக்காலியில் உட்கார்ந்து நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டு, பிறகு வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்குவது முறை. மாமியாருக்கும் மகளுக்கும் இது ஒத்துவராது என்றால் கட்டாயமே இல்லை. ஒசாகாவில் குளித்துவிட்டுக் கிளம்புங்கள், ஓர் இரவுதானே. இல்லையென்றால் சாப்பாட்டு நேரம் முடியும் தறுவாயில் பாருங்கள், கூட்டம் குறைவாக இருக்கும். அந்த வெந்நீர் மூட்டு வலிக்கு இதம், ஒருமுறை இறங்கிவிட்டால் எழுந்து வர மனம் வராது.

இனி அந்த "வேற சாமி" கேள்வி. சகோதரி, இதைப் பற்றி உங்கள் மாமியாரிடம் நேரில் உட்கார்ந்து பேச எனக்கு ஆசையாக இருக்கிறது. நீங்களே எனக்காகச் சொல்லுங்கள்.

கோயா மலையை 816ல் அரசரிடம் கேட்டுப் பெற்று அங்கே மடம் அமைத்தவர் கூகாய் என்ற துறவி. கோபோ தைஷி என்று மக்கள் கும்பிடுவது அவரைத்தான். 804ல் அவர் கப்பலேறிச் சீனம் போய், சாங்கான் நகரில் ஹுய்குவோ என்ற ஆசானிடம் தீட்சை பெற்றார். ஹுய்குவோவின் குரு அமோகவஜ்ரர். அமோகவஜ்ரரின் குரு வஜ்ரபோதி. அந்த வஜ்ரபோதி தென்னிந்தியாவிலிருந்து கடல்வழியே 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனம் போனவர். காஞ்சியோடும் பல்லவ அரசரோடும் சேர்த்துத்தான் அவர் கதையை மரபு சொல்கிறது. கோயா மலையின் நடுவே கொன்போன் தைதோ என்று 48.5 மீட்டர் உயரத்தில் செந்நிறக் கோபுரம் ஒன்று நிற்கிறது. அதன் உள்மூலைகளில் இந்த மரபின் எட்டு ஆசான்களை ஓவியமாக வரைந்திருக்கிறார்கள். வஜ்ரபோதியும் அவர்களில் ஒருவர், அங்கே அவர் பெயர் கொங்கோச்சி. நம் பக்கத்திலிருந்து போன ஒருவரை 1200 ஆண்டுகளாக ஆசானாக வைத்துக் கும்பிடும் இடத்தை வேற்றிடம் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

எகோ இன் என்ற கோயிலில் இடம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். காலை வழிபாடு முடிந்ததும் அங்கே தினமும் கோமா நடக்கும். கோமா என்பது நம் ஹோமம்தான், பெயரே அதிலிருந்து போனதுதான். துறவி மந்திரம் சொல்லிச் சொல்லிச் சமித்துகளை ஒவ்வொன்றாக அடுக்க, தீ ஆள் உயரத்துக்கு எழும். வழிபாட்டில் ஓதுவதில் ஓரிடத்தில் 'க்யாதெய் க்யாதெய் ஹராக்யாதெய்' என்று காதில் விழும். 'கதே கதே பாரகதே' என்ற சமஸ்கிருத மந்திரம் ஜப்பானிய நாவில் அப்படி ஆகியிருக்கிறது. மாமியார் தம் பாட்டுக்குப் பஞ்சாட்சரம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும். மதம் மாற யாரும் கூப்பிட மாட்டார்கள். அவர்கள் எதிர்பார்ப்பது அமைதியாக இருப்பது ஒன்றைத்தான்.

முன்பதிவை மலையிலுள்ள ஷுகுபோ சங்கத்தின் வழியாகவோ, கோயிலின் இணையதளத்திலோ செய்யலாம். ஒசாகா நம்பாவிலிருந்து நான்கை ரயில் கொகுராகுபாஷி வரை போகும், விரைவு வண்டியில் ஒன்றரை மணி நேரத்துக்குள். சுற்றுலாப் பயணிகள் வாங்கும் ஜேஆர் ரயில் பாஸ் அதில் செல்லாது. அங்கிருந்து 5 நிமிடம் செங்குத்தாக ஏறும் கேபிள் கார், பிறகு பேருந்து. மேல் நிலையத்திலிருந்து ஊருக்கு நடந்து போக அனுமதி இல்லை, பேருந்துதான். பெரிய பெட்டிகளைக் கொழுந்தனார் வீட்டிலேயே விட்டுவிட்டு ஆளுக்கு ஒரு சின்னப் பையோடு வாருங்கள். ரொக்கமும் இருக்கட்டும், சில கோயில்களில் அட்டை வாங்குவதில்லை. எப்படியாவது மாலை 4 மணிக்குள் விடுதிக்குப் போய்விடுங்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நான் ஒரு குடும்பத்தை 7 மணிக்குப் போய்ச் சேருகிற மாதிரி அனுப்பிவிட்டேன். அங்கே இரவு உணவு ஐந்தரை, ஆறு மணிக்கு. அவர்களுக்காகச் சமையற்கட்டில் துறவிகள் காத்திருந்திருக்கிறார்கள். சாப்பாடு ஆறிப்போனதைவிட, விடியுமுன் எழ வேண்டியவர்களை அப்படி உட்கார வைத்தோமே என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

மறுநாள் காலை உணவு முடிந்ததும் ஓகுனோஇன் போங்கள். தேவதாரு மரங்களுக்கு நடுவே 2 கிலோமீட்டர் பாதை, இருபுறமும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட சமாதிகள். மாமியாருக்கு அவ்வளவு நடை வேண்டாம். ஓகுனோஇன்-மாயே நிறுத்தத்தில் இறங்கினால் பாதிதான். வழியெல்லாம் ஐந்தடுக்குக் கல் சமாதிகளைப் பார்ப்பீர்கள். அடியில் சதுரம் நிலம், அதன்மேல் உருண்டை நீர், கூரை போன்றது தீ, அரைவட்டம் காற்று, உச்சியில் மொட்டுப் போன்றது ஆகாயம். பலவற்றில் ஒவ்வோர் அடுக்கிலும் அதற்குரிய பீஜாட்சரத்தைச் சித்தம் என்ற பழைய இந்திய எழுத்தில் வெட்டியிருப்பார்கள். காஞ்சி, திருவானைக்கா, அண்ணாமலை, காளத்தி, சிதம்பரம் என்று பஞ்சபூதத் தலங்களைச் சுற்றியவருக்கு இதை விளக்கிச் சொல்லவே வேண்டாம்.

பாதையின் முடிவில் ஒரு சிறு பாலம். அதைத் தாண்டினால் படம் எடுக்கக் கூடாது, சாப்பிடவும் குடிக்கவும் கூடாது. அப்பால் கூகாயின் சமாதி இருக்கிறது. 835ல் அவர் இறந்ததாக அங்கே யாரும் சொல்வதில்லை, தியானத்தில் உட்கார்ந்தவர் இன்னும் எழவில்லை என்கிறார்கள். நாம் ஜீவசமாதி என்போமே, அதேதான். அதனால் அவருக்கு நாள் தவறாமல் காலை 6 மணிக்கும் பத்தரைக்கும் சாப்பாடு போகிறது. வெள்ளை மரப்பெட்டியில் வைத்து இரண்டு துறவிகள் தோளில் சுமந்து வருவார்கள், பெரியவர் ஒருவர் முன்னே நடப்பார். சமையற்கட்டின் அருகில் இருக்கும் ஜிஸோ என்ற போதிசத்துவரின் சந்நிதியில் ஒரு கணம் நிறுத்திக் காட்டிவிட்டு, பாலத்தைக் கடப்பார்கள். நீங்கள் பத்தேகாலுக்கே போய், மாமியாரைப் பாலத்துக்கு இந்தப் பக்கம், கூட்டத்தில் இடிபடாமல், அந்தப் பெட்டி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நிற்க வையுங்கள்.